மீன் ஒட்டுப் போட்ட சைலன்சர்

வாகனச் சோதனை நிலையத்தில், கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் குனிந்த நரோங்குக்கு உடனே நிமிரத் தோன்றவில்லை. எதிரே தொங்கிக்கொண்டிருந்தது அவன் வீட்டு வண்டியின் சைலன்சர்.

வண்டி என்னவோ இஞ்சி வியாபாரி திவாவுடையதுதான். ஆனால் சைலன்சர் நரோங்குடையது. நடுவில் ஒரு நெளிவு. நெளிவின் மேல் மீன் வடிவத்தில் வெட்டிப் பற்றவைத்த தகரத் துண்டு. போன மழைக்காலத்தில் முட்டைக்கோஸ் தோட்டத்துப் பாறையில் மோதி நெளிந்தபோது அந்த மீனை வெட்டி ஒட்டியவனே நரோங்தான். வாலைக் கொஞ்சம் கோணலாக வெட்டிவிட்டோமே என்று அன்றைக்கு வருத்தப்பட்டதுகூட அவனுக்கு நினைவிருந்தது.

"என்னண்ணே, அடியிலயே தூங்கிட்டீங்களா?" என்று மேலே இருந்து குரல் கொடுத்தான் திவா.

"சைலன்சர் நல்லா இருக்கே?"

"இருக்காதா பின்ன! கம்பெனியில இருந்து வந்ததுண்ணே. கண்ணு மாதிரி வெச்சிருக்கேன்."

"மீனையும் கம்பெனியிலயே ஒட்டிக் குடுத்தாங்களோ?"

திவா ஒரு கணம் விழித்தான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அது ராசிக்குப் போட்டதுண்ணே!"

நரோங் சிரிக்கவில்லை. 'இது என்னோடதுடா' என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். 'அப்போ உங்க வண்டியில என்ன மாட்டியிருக்கீங்க?' சோதனை நிலையத்துக்காரன் வீட்டு வண்டியிலேயே, புகையை வடிகட்டுகிற இந்தச் சைலன்சரைக் கழற்றிவிட்டு, குடம் புகுந்துவிடுகிற அளவுக்கு அகலமான நேர்க்குழாய் மாட்டியிருக்கிறது என்று எப்படிச் சொல்வான்?

புகைக் கருவியைக் குழாயின் வாயில் செருகினான். திவா ஆக்சிலேட்டரை மிதித்தான். வெளியே வந்த புகை, துவைத்து உலர்த்திய வேட்டி போல இருந்தது. கருவி பாஸ் என்றது. நரோங்கும் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

லோம் காவ் ஊரில் இது புதிதல்ல. பழைய பிக்கப் வண்டிகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை சோதனைக்கு வந்தாக வேண்டும். பாதி வண்டிகளில் இருப்பது நேர்க்குழாய். மெக்கானிக் கம்போலின் பட்டறைச் சுவரில் கம்பெனி சைலன்சர்கள் வரிசையாகத் தொங்கும். சோதனைக்கு வரும் வண்டிக்குக் காலையில் ஒன்றை மாட்டிவிடுவான், மாலையில் கழற்றிக்கொள்வான். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போகிற மாதிரி. நரோங்குக்கு அது வருஷக்கணக்காகத் தெரியும். 'கருவி பாஸ்னு சொல்லுது, எனக்கென்ன வந்தது' என்பது அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்டிருந்த சமாதானம். நகை தன் வீட்டுப் பெட்டியிலிருந்தே போயிருக்கிறது என்று தெரிந்த அன்றுதான் அந்தச் சமாதானம் முதல் முறையாக உறுத்தியது.

அவன் வண்டியில் குழாயை மாற்றச் சொன்னது அவன் மனைவி லம்துவான். பூ தப் பெக் மலைக்குக் கோழி எரு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு இறங்குவது அவள் தொழில். தோட்டத்துக்கு முதலில் போய்ச் சேருகிறவளுக்குத்தான் கல்லு மாதிரி இறுகின கோஸ் கிடைக்கும். கடைசியில் போகிறவளுக்கு வெயிலில் வாடியது.

"நத்தைகூட எனக்கு ஹாரன் அடிச்சுட்டு முன்னால போவுதுய்யா" என்று அவள் புலம்பப் புலம்ப, நரோங்தான் வண்டியைக் கம்போலிடம் விட்டான். நேர்க்குழாய் மாட்டியதும் வண்டி பறந்தது. லம்துவான் ஒரு வாரம் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தாள்.

அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. ஏற்றத்தில் மிதித்தால் டர்போவின் அழுத்தம் காட்டும் முள் கோட்டைத் தாண்டி ஏறும். மஞ்சள் விளக்கு எரியும். அடுத்த நொடி, யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்தது போல வண்டி உயிரை விட்டு ஊர்ந்து போகும். நிறுத்திச் சாவியைத் திருப்பி மறுபடி கிளப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். அடுத்த செங்குத்தில் மறுபடியும் அதே கதை.

"அந்த சாமி வளைவுல நின்னா என் கதி என்னய்யா?" என்றாள் லம்துவான். மலைப்பாதையில் சின்ன சாமி மாடம் இருக்கிற கொண்டை வளைவு அது. எல்லா வண்டிகளும் அங்கே ஹாரன் அடித்துக் கும்பிட்டுப் போகும். அந்த வளைவில் நின்றுபோன வண்டியைப் பின்னால் வருகிறவன் கிட்டே வந்த பிறகுதான் பார்க்க முடியும்.

திவாவை அனுப்பிய கையோடு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நரோங் பட்டறைக்குப் போனான். அவன் வண்டி அங்கேதான் இரண்டு நாளாகக் கிடந்தது. கம்போல் இனிப்புப் புளியை உடைத்துத் தின்றுகொண்டே வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"தம்பி, என் சைலன்சர் எங்க?"

கம்போல் சுவரைப் பார்த்தான். ஒரு ஆணி காலியாக இருந்தது. "சுத்தம் பண்ணக் குடுத்திருக்கேண்ணே."

"திவா வண்டியில மாட்டிச் சுத்தம் பண்றியா?"

கம்போல் புளியங்கொட்டையைத் துப்பினான். "ஒரு நாள்தானேண்ணே! அவன் சைலன்சரை அவன் எப்பவோ வித்துத் தின்னுட்டான். உங்களோடது சும்மா தொங்கிட்டிருந்துச்சு. நல்ல காரியத்துக்குப் போயிட்டு வரட்டுமேன்னு குடுத்தேன்."

"ரொம்ப நல்ல காரியம்!" என்றான் நரோங். "சரி, வண்டி என்னாச்சு?"

"எல்லாம் பாத்தாச்சு." ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான் கம்போல். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருக்கிறான். எங்கேயும் குமிழி இல்லை. டர்போவின் பக்கக் கதவைத் திறக்கிற கம்பிக்குக் காற்றடித்துப் பார்த்தான். தடங்கல் இல்லாமல் நகர்ந்தது. அந்தக் கம்பிக்கு உத்தரவு கொடுக்கிற வால்வை வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியும் பார்த்துவிட்டான். "எல்லாம் சரியா இருக்கு. ஆனா வண்டி சரியா இல்ல. என்ன மாயம்னே தெரியலண்ணே."

நரோங் நிலையத்துக்கு வேலைக்குப் போகுமுன் சில வருஷம் ஸ்பானர் பிடித்தவன். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகைதான் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் அந்தப் பக்கக் கதவு திறந்து, மிச்சப் புகையை வேறு வழியாக விடும். அவன் கொஞ்ச நேரம் அந்தத் தடித்த குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாயம் ஒண்ணும் இல்ல. புகை தடங்கலே இல்லாம வெளிய ஓடுது. அதனால சக்கரம் தறிகெட்டுச் சுத்துது. பக்கக் கதவோ குட்டியூண்டு. முழுசாத் திறந்தாலும் அவ்வளவு புகையை விட முடியல. அழுத்தம் ஏறிக்கிட்டே போவுது. எஞ்சின் வெடிச்சுடக் கூடாதேன்னு கம்ப்யூட்டர் பவரை வெட்டிடுது. பழைய சைலன்சரை மாட்டி ஒரு தடவை ஏத்திப் பாப்போம். தொல்லை போயிடுச்சுன்னா குழாய்தான் காரணம்."

"பாக்கலாம். ஆனா உங்க சைலன்சர் சாயங்காலம்தானே திரும்பி வரும்? அப்புறம் இதைப் பிரிச்சு அதை மாட்டறதுன்னா நாளைக்கு மத்தியானம் ஆயிடும். அக்கா விடியக்காலையில எரு ஏத்தணும்னு காலையிலயே ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. என்னைத் திட்டின திட்டு இருக்கே..." கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு மேஜை இழுப்பறையைத் திறந்தான். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து நீட்டினான். "இதை சென்சார் ஒயர்ல சேத்துட்டா போதும். அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் கம்ப்யூட்டருக்குக் கம்மியாத்தான் சொல்லும். விளக்கு எரியாது. பவரும் போகாது."

"அழுத்தம்?"

"அது பாட்டுக்கு ஏறும்."

"என்னடா பேசுற நீ?"

"எதுக்கு மொறைக்கிறீங்க?" கம்போல் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. "நீங்க காலையில புகை மிஷினுக்குச் செஞ்சதைத்தானே நான் கம்ப்யூட்டருக்குச் செய்றேன்?"

நரோங்குக்குச் சுருக்கென்றது. விடியக்காலையில் ஏற்ற வேண்டிய எரு லோடு நினைவுக்கு வந்தது. "மாட்டு" என்றான்.

இரவுச் சாப்பாட்டில் லம்துவான் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டாள். "சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"என்னவாம் கோளாறு?"

"ஒயர்ல ஒரு சின்ன விஷயம்."

"இந்த ஒயருக்கா ரெண்டு நாள் வெச்சுக்கிட்டான்? அவன் புளி தின்ன நேரத்துல நான் ரெண்டு லோடு இறக்கியிருப்பேன்" என்றாள் அவள். நரோங் மிளகாயைக் கடித்துவிட்டது போலத் தண்ணீர் குடித்தான்.

மறுநாள் நிலையத்தில் அவன் இரண்டாவது வண்டியின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் யாரோ. "சாமி வளைவுல..." என்று தொடங்கியதுமே நரோங் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் லம்துவான் படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. நெற்றியில் தையல். உடம்பெல்லாம் கோழி எரு வாடை. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். அவனைப் பார்த்ததும் லம்துவானுக்கு அழுகை வரவில்லை, வார்த்தைதான் வந்தது.

"சாமி மேலெல்லாம் கோழி எருய்யா! மூட்டை பாதி கிழிஞ்சு மாடத்துக்குள்ள போயிடுச்சு. நான் போய்க் கழுவி விட்டுட்டு வரணும்."

"என்ன ஆச்சு துவான்?"

"வண்டி நல்லாத்தான் ஏறுச்சு. பிரமாதமா ஏறுச்சு. முள்ளு மட்டும் மேல மேல போவுது. விளக்கு எரியல. எரிஞ்சா நிறுத்திடலாம்னு அதையேதான் பாத்துக்கிட்டே போனேன். வளைவு வந்துச்சு, ஹாரன் அடிச்சேன். துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். காத்து ஹோஸ் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சாம். வண்டி அங்கயே நின்னுடுச்சு. அந்த நேரம் பாத்து ஒருத்தன் என்னைத் தாண்டிப் போனான் பாரு, அவன் விட்ட புகை... கரி மூட்டையைக் கொட்டின மாதிரி, ரோடே தெரியல. பின்னால ஐஸ் வண்டி. பாவம் அந்த மனுஷன், புகைக்குள்ள என்னை எங்க பாப்பாரு? வந்து இடிச்சுட்டாரு. எரு மூட்டை இருந்ததால நான் பொழச்சேன். அவருக்கு நெஞ்செலும்பு ஒடஞ்சிருக்கு."

"தாண்டிப் போனது யாரு?"

"இஞ்சிக்கார திவாதான். அவன் வண்டிப் பின்னால ஒட்டியிருக்கிற சேவல் படம் தெரிஞ்சுது. அப்புறம் ஒண்ணுமே தெரியல."

நேற்று மாலை கழற்றிய மீன் ஒட்டு சைலன்சர் இந்நேரம் மறுபடி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். திவா தன் நேர்க்குழாயோடு மலையேறியிருக்கிறான். அவன் வண்டிப் புகை வேட்டி போல வெள்ளையாக இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நரோங்.

தண்ணீர் வாங்க வெளியே வந்தான். வராந்தாவில் ஐஸ் வண்டிக்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூங்கில் கூடை. யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒட்டரிசி. அவனை நிமிர்ந்து பார்த்தவள், கூடையை அவன் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரா? சாப்பிட்டீங்களா? இந்தாங்க. உங்க வீட்டம்மா மேல தப்பில்ல. புகைதான் தம்பி, யார் என்ன செய்ய முடியும்?"

நரோங்கால் அந்தக் கூடையைத் தொட முடியவில்லை. நின்றவாறே கைகூப்பினான். உள்ளே திரும்பிப் போனபோது தண்ணீர் வாங்க மறந்திருந்தான்.

"விளக்கு ஏன்யா எரியல?" என்றாள் லம்துவான். அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "ஒயரை மாத்துனானே, அதுல ஏதாவது..."

அவன் சொன்னான். பெட்டியைச் சொன்னான். மீனைச் சொன்னான். திவாவுக்குப் போட்ட பாஸைச் சொன்னான்.

கேட்டு முடித்ததும் லம்துவான் மெதுவாகச் சொன்னாள். "இத்தனை நாளா அந்த மஞ்ச விளக்கைத் திட்டிக்கிட்டிருந்தேன். பொழுது விடிஞ்சா சனியன் எரியுதேன்னு. நம்ம வீட்டுல எனக்கு உண்மையைச் சொன்னது அது ஒண்ணுதான். அதோட வாயை நீ அடைச்சுட்ட." பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கும் இதுல பங்கு உண்டு. வேகமா போகணும்னு கேட்டவ நான்தானே? ஆனா கேட்டப்போ, அது எவன் கண்ணை மறைக்கும்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெனமும் அந்தப் புகையை அளக்கறவன் நீ."

வண்டியைச் சரி செய்ய நாளாயிற்று. கம்போல் பழைய சைலன்சரை மாட்டினான். ஹோஸைப் புதிதாகப் போட்டான். கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி நரோங் கையிலேயே கொடுத்தான். நரோங் எரு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை உச்சி வரை ஓட்டிப் பார்த்தான். முள் தன் கோட்டிலேயே நின்றது. விளக்கு எரியவில்லை, இந்த முறை எரிய வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. வண்டி மெதுவாகத்தான் ஏறியது. சாமி வளைவில் இறங்கி, குடத்துத் தண்ணீரால் மாடத்தைக் கழுவிவிட்டு வந்தான்.

"ரெண்டு நாள் தேடினியே, கோளாறு இதுதான்" என்று கம்போலிடம் சொன்னான். "நாம மாட்டினதுதான் கோளாறு."

கம்போல் சுவரில் தொங்கிய மற்ற சைலன்சர்களைப் பார்த்தான். "இதையெல்லாம் இறக்கிட்டா என் பொழப்பு என்னண்ணே ஆவுறது?" என்றான். அன்றைக்கு அவன் எதையும் இறக்கவில்லை. ஆனால் ஐஸ் வண்டிக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் நரோங் திவாவுக்குப் போன் போட்டு வண்டியோடு வரச் சொன்னான். எரிச்சலோடு வந்தான் திவா. நேர்க்குழாயின் சத்தத்தில் நிலையத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. முதலாளியம்மா சுனி விசிறியை நிறுத்திவிட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாஸ் போட்டுட்டு மறுபடி எதுக்குண்ணே கூப்பிடறீங்க? வேலையத்துப் போச்சா?"

"அது பொய் பாஸ். அன்னிக்கு உன் வண்டியில இருந்தது என் சைலன்சர். தெரிஞ்சே போட்டேன். இன்னிக்கு உன் குழாயோட வெச்சுப் பாக்கணும்."

"நரோங்!" என்றாள் சுனி. "கொடுத்ததைத் திரும்பப் புடுங்கற நிலையத்துக்கு எவன் வருவான்? ஆத்துப் பாலம் தாண்டினா இன்னொரு நிலையம் இருக்கு. எல்லாரும் அங்க போயிடுவாங்க. நீ ஒருத்தன் நிறுத்தினா ஊர்ப் புகை நின்னுடுமா?"

"நிக்காதும்மா. என் கையெழுத்துல போற புகை நிக்கும். வேண்டாம்னா வேலையை விட்டு அனுப்பிடுங்க."

சுனி கதவை அறைந்து சாத்தினாள். ஆனால் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

திவா குரலை உயர்த்தினான். "உங்க வீட்டுல என்னமோ ஆச்சுன்னு ஊர் மேல ஏன் காட்டறீங்க? சாமி வளைவுல அக்காவை இடிச்சது ஐஸ் வண்டி. எனக்கும் அதுக்கும் என்ன?"

"அந்த வளைவுல அவளைத் தாண்டிப் போனது யாரு திவா?"

திவா வாயைத் திறந்தான். விபத்து நடந்த காலை ஹாரன் அடித்துக் கும்பிட்டுக்கொண்டே மிதித்தது அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் கேட்ட சத்தத்தை ஏதோ டயர் வெடித்தது என்று நினைத்துப் போயிருந்தான். "அது... அக்கா வண்டியாண்ணே?" என்றான். குரல் கீழே போயிருந்தது.

நரோங் சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துப் புகைக் கருவியின் மேல் வைத்தான்.

"இதை மாட்டினதும் எங்க வண்டியில விளக்கு எரியறது நின்னுச்சு. கோளாறு நிக்கல. சொல்லாம கொள்ளாம மலையில வந்து நின்னுச்சு. நான் உனக்குக் குடுத்த பாஸும் இதே பெட்டிதான் தம்பி. உன் மேல மட்டும் நான் பழி போடல. குழாய் மாட்டினவன் கம்போல், மிதிச்சவன் நீ, கையெழுத்துப் போட்டவன் நான். ஆளுக்கொரு சின்னப் பொய். மூணும் ஒரே வளைவுல சேந்துச்சு. மிஷினை ஏமாத்தறோம்னு நெனச்சுக்கிட்டு, நமக்குப் பின்னால வர்றவனைத்தான் ஏமாத்தறோம். எச்சரிக்கையை அணைச்சா ஆபத்து அணையாது. போ, சொந்தமா ஒரு சைலன்சர் வாங்கி மாட்டிக்கிட்டு வா. உண்மையான பாஸ் தர்றேன்."